புரோமீதியஸ் குற்றவாளியா? தீர்ப்பை வகுப்பு சொல்லட்டும்

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கிரேக்கத் தொன்மங்கள் பகுதியை நடத்துகிறேன். 38 பிள்ளைகள், நாற்பது நிமிட வகுப்பு, மொத்தம் பத்து வகுப்புகள் கையில் இருக்கின்றன. கடவுளரின் வம்ச வரைபடம் வரையச் சொன்னேன், வினாடி வினா வைத்தேன், குறுக்கெழுத்தும் கொடுத்துப் பார்த்தேன். பெயர்கள் எல்லாம் குழம்பிப் போகின்றன. வீடியோ கேம் விளையாடும் நாலைந்து பேர் மட்டும்தான் பதில் சொல்கிறார்கள், அவர்களும் ஹேடீஸ் என்றாலே வில்லன் என்கிறார்கள். வாயே திறக்காத பிள்ளைகள் பாதிப் பேர். அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? இதற்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது? (ஓர் ஆசிரியை)

வணக்கம் டீச்சர்.

முதல் வேலையாக அந்த வம்ச வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். கடைசி வகுப்பில் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், அப்போது அது பயன்படும். தொடக்கத்திலேயே அதைக் காட்டினால், இன்னும் ஒரு காரியமும் செய்யாத ஆட்களின் பெயர்களைப் பிள்ளைகள் வரிசையாகக் கேட்கிறார்கள். செய்கை தெரியாத பெயர் யாருக்கும் மனதில் நிற்காது, பெரியவர்களுக்கும் நிற்காது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கிரேக்கக் கதைகளுக்கு 'இதுதான் சரியான வடிவம்' என்று முத்திரை குத்திய ஒரே நூல் கிடையாது. அஃப்ரோடைட்டி யார் மகள் என்று ஹோமரைக் கேட்டால் கடவுளரின் அரசன் ஜீயஸுக்கும் டயோனி என்ற தேவிக்கும் பிறந்தவள் என்பார், ஹெசியடைக் கேட்டால் கடல் நுரையில் தோன்றியவள் என்பார். இரண்டு பேருமே கிரேக்கர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய கவிஞர்கள்தான். வரைபடத்தில் ஒரு கோடுதான் போட முடியும், போட்டதும் மற்றது பொய்யாகிவிடுகிறது.

ஒரு கவிஞர் சொன்ன கதையை அடுத்தவர் மாற்றிச் சொன்னார், நாடகக்காரர் அதையே தலைகீழாக்கினார், பானை ஓவியர் எந்தக் கவிஞரும் சொல்லாத காட்சியை வரைந்தார். கிரேக்கத் தொன்மம் வளர்ந்ததே இப்படித்தான். உங்கள் வகுப்பும் அதைச் செய்யட்டும். நான் ஆசிரியர் பயிற்சியில் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது இது ஒன்றைத்தான்: இந்தப் பாடத்தில் எந்தச் செயல்பாட்டைக் கொடுத்தாலும் பிள்ளை ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், அந்த முடிவுக்குக் கதையிலிருந்து ஆதாரம் காட்டியாக வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் அது எத்தனை வண்ணமயமாக இருந்தாலும் கைவேலை வகுப்புதான்.

சரி, பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்ப்போம். இதற்கு ஹோமரே வழி காட்டுகிறார். அவர் பல இடங்களில் ஆளின் பெயரைத் தனியாகச் சொல்வதில்லை, கூடவே ஓர் அடைமொழி வரும். மேகம் திரட்டும் ஜீயஸ், பூமியை உலுக்கும் பொசைடன், வெண்கை ஹேரா, ஒளிவிழி அதீனா, விரைகால் அக்கிலீஸ், பல யுக்தி ஒடிஸியஸ் என்று நூற்றுக்கணக்கான வரிகளில் இவை திரும்பத் திரும்ப வருகின்றன. பொழுது விடிந்தால்கூட ரோஜா விரல் விடியல்தான். மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய், ஏட்டைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கான வரிகள் பாடும் பாடகர்களைப் பதிவு செய்தார். இப்படிப்பட்ட தொடர்கள் நின்ற இடத்திலேயே பாட்டைக் கட்டிக்கொண்டு போகும் பாடகனுக்கு எவ்வளவு கைகொடுக்கின்றன என்பது அவர் வேலையால்தான் உலகத்துக்குத் தெளிவானது. யாப்பு தட்டாமல் வரி நிறையும், அடுத்து என்ன என்று யோசிக்க ஒரு நொடியும் கிடைக்கும்.

இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒடிஸியஸ் ஒற்றைக்கண் பாலிஃபீமஸின் குகையில் மாட்டிக்கொண்ட கதையை ஒரு வகுப்பு முழுக்க நீங்களே சொல்லுங்கள், புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டாம். வாசலை அடைக்கும் பாறை, இரண்டிரண்டு பேராகத் தின்றுவிடும் அரக்கன், 'யாருமில்லை' என்று பெயர் சொல்லி ஏமாற்றுவது, நெருப்பில் காய்ச்சிய ஒலிவ மரக் கழி, செம்மறிக் கிடாக்களின் வயிற்றில் தொங்கிக்கொண்டு தப்புவது, கடைசியில் சும்மா இருக்காமல் கப்பலில் இருந்துகொண்டு உண்மைப் பெயரைக் கத்தி பொசைடனின் கோபத்தை வாங்கிக்கொள்வது எல்லாம் வரட்டும். அடுத்த வகுப்பில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அதே கதையைத் தொடராகச் சொல்ல வேண்டும், ஆளுக்கு இரண்டு மூன்று வாக்கியம். பெயர் வந்தால் அடைமொழி வந்தாக வேண்டும் என்பது விதி. திணறினால் அடைமொழியை நீட்டிச் சொல்லி நேரம் வாங்கிக்கொள்ளலாம், அதற்குக் கழித்தல் கிடையாது. குகைக்கும் ஆடுகளுக்கும் மரக்கழிக்கும் அடைமொழி இல்லையே என்று யாராவது கேட்பார்கள், அவர்களே உண்டாக்கிக்கொள்ளட்டும். அவர்கள் உண்டாக்கியதையும் ஹோமர் சொன்னதையும் கலந்து ஒரு பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வரைபடம் கழற்றிய இடம் காலியாகத்தானே இருக்கிறது.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். உங்கள் பத்து வகுப்பில் நான்கை இதற்கு ஒதுக்குங்கள். மனிதர்களுக்காக ஜீயஸோடு மோதிய தேவன் புரோமீதியஸ் மீது வழக்கு.

முதல் நாள் ஹெசியட் சொல்லும் கதை. மெக்கோனி என்ற இடத்தில் ஒரு மாட்டைக் கூறு போடும்போது புரோமீதியஸ் நல்ல இறைச்சியை மாட்டு வயிற்றுக்குள் மறைத்துவிட்டு, வெறும் எலும்பைப் பளபளக்கும் கொழுப்பால் போர்த்தி, ஜீயஸிடம் எது வேண்டும் என்று கேட்கிறான். ஜீயஸ் கொழுப்பைத் தொடுகிறார் (சூழ்ச்சி அவருக்குத் தெரியும் என்றே ஹெசியட் சொல்கிறார், இதைப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்லுங்கள்). கோபத்தில் மனிதர்களுக்கு நெருப்பு இல்லை என்றாகிறது. புரோமீதியஸ் உள்ளீடற்ற பெருஞ்சீரகத் தண்டுக்குள் நெருப்பை ஒளித்துத் திருடிக் கொண்டுவந்து கொடுக்கிறான். அவனுக்குக் கிடைத்த தண்டனை சங்கிலியும் கழுகும்: கழுகு பகலெல்லாம் அவன் ஈரலைத் தின்னும், இரவில் ஈரல் வளர்ந்துவிடும். மனிதர்களுக்குக் கிடைத்தது கடவுளர் படைத்து அனுப்பிய பண்டோரா என்ற பெண்ணும் அவள் திறந்த பானையும். நோயும் துன்பமும் வெளியே போய்விட, நம்பிக்கை மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

இரண்டாம் நாள் எஸ்கிலஸ் பெயரில் வழங்கும் 'கட்டுண்ட புரோமீதியஸ்' நாடகத்தின் கதை. ஆள் அதே ஆள்தான், ஆனால் இங்கே ஏமாற்றுக்காரன் இல்லை. மனித இனத்தையே அழித்துவிட்டு வேறொன்றைப் படைக்க ஜீயஸ் நினைத்தபோது எதிர்த்து நின்ற ஒரே ஒருவன். மனிதருக்கு எண்ணும் எழுத்தும் கப்பலும் மருந்தும் கற்றுக்கொடுத்தவன். முந்தின நாள் முழுக்க அவனைத் திருடன் என்று திட்டிய பிள்ளைகள் இப்போது என்ன செய்வார்கள் என்று பாருங்கள். இரண்டு கதையில் எது உண்மை என்று உங்களைக் கேட்பார்கள். இரண்டும் சாட்சியம், எடை போடுவது நீங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் நாள் உரை எழுதுவது. ஆறேழு பேராக ஆறு குழு, மூன்று குழு புரோமீதியஸ் தரப்பு, மூன்று குழு ஜீயஸ் தரப்பு. யார் எந்தத் தரப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், பிடித்த தரப்பை எடுத்துக்கொள்ள விடாதீர்கள். ஜீயஸ் நேரில் வரமாட்டார், நாடகத்தில் அவர் சார்பாக வந்து மிரட்டும் ஹெர்மீஸ்தான் இங்கேயும் பேசுவான். சினிமாவில் பார்த்த நீதிபதி, சுத்தியல், வக்கீல் கோட்டு எதுவும் வேண்டாம். ஏதென்ஸ் மன்றத்தில் தீர்ப்பு சொல்லும் நீதிபதி என்று ஒருவர் இல்லை, நூற்றுக்கணக்கான நடுவர்கள் இருந்தார்கள். வழக்காடுபவர் தானே நின்று பேச வேண்டும், உரையை மட்டும் காசு கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம். லிசியாஸ் போன்றவர்களுக்கு அதுதான் தொழில். உங்கள் கூச்சப் பிள்ளைகளுக்கு இது வசதி: அவர்கள் உரை எழுதுபவர்கள், மேடை ஏற வேண்டியதில்லை. ஒரு தரப்பின் மூன்று உரைகளையும் சேர்த்துத் தைத்து, அதைப் பேச ஒருவரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுங்கள், அந்தப் பிள்ளை தயங்கினால் வேறொருவர்.

நான்காம் நாள் விசாரணை. மூன்றே மூன்று பொருள் தயார் செய்துகொள்ளுங்கள். ஒன்று நீர்க்கடிகாரம். ஏதென்ஸில் பேசுபவருக்கு நேரம் தண்ணீரால்தான் அளக்கப்பட்டது. அந்த ஊரின் சந்தைத் திடலான அகோராவில் அகழாய்வில் கிடைத்த ஒரு மண்பாத்திரம் சுமார் 6.4 லிட்டர் பிடிக்கும், ஆறு நிமிடத்தில் வடிந்துவிடும். உங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். அடியில் ஊசியைச் சுட்டு ஓட்டை போட்டு, மூன்று நிமிடம் எந்த அளவு தண்ணீருக்கு வருகிறது என்று முன்கூட்டியே பார்த்துக் கோடு போட்டுவிடுங்கள். இதில் ஒரு அருமையான விதி இருக்கிறது. தனியார் வழக்குகளில் சட்டத்தையோ சாட்சியத்தையோ வாசிக்கும்போது தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், அந்த நேரம் கணக்கில் வராது. உங்கள் வகுப்பிலும் பேசுபவர் ஹெசியடிலிருந்தோ நாடகத்திலிருந்தோ நீங்கள் கொடுத்த வரியை எடுத்து வாசித்தால் ஒரு பிள்ளை ஓட்டையை விரலால் அடைத்துக்கொள்ளட்டும். மேற்கோள் காட்டினால் இலவச நேரம் கிடைக்கும் என்று தெரிந்த மறு நிமிடமே எல்லாக் குழுவும் பிரதியைப் புரட்ட ஆரம்பித்துவிடும். 'மூலத்தைப் படி, ஆதாரம் காட்டு' என்று நாம் தொண்டை வறளச் சொல்லியும் நடக்காதது இது.

அடுத்தது வாக்கு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஒவ்வொரு நடுவருக்கும் இரண்டு வெண்கல வட்டுகள் கொடுத்தார்கள். நடுவில் ஒரு சிறு அச்சு நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்றில் அச்சு உள்ளே துளையாக இருக்கும், மற்றதில் கெட்டியாக. துளை வழக்குத் தொடுத்தவருக்கு, கெட்டி எதிர்த்தரப்புக்கு. கட்டைவிரலும் சுட்டுவிரலும் அச்சின் இரு முனையையும் மூடிக்கொண்டால் கையில் இருப்பது எது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. வாக்கு வெண்கலக் குடத்துக்குள், மிஞ்சியது மரக்குடத்துக்குள். இதைச் செய்ய குளிர்பான உறிஞ்சுகுழாயை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். பாதித் துண்டுகளை அப்படியே விட்டுவிட்டு, மீதியைக் களிமண்ணால் அடையுங்கள். ஆளுக்கு ஒரு திறந்தது, ஒரு அடைத்தது. இரண்டு விரல்களுக்கு இடையே பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், நண்பன் என்ன போடுகிறான் என்று எட்டிப் பார்த்துப் போடும் வேலை நின்றுவிடும். ஏழாம் வகுப்பில் இது சின்ன விஷயம் இல்லை. மூன்றாவது பொருள் இரண்டு பெட்டி, அவ்வளவுதான்.

மூன்று நிமிடம் ஹெர்மீஸ், மூன்று நிமிடம் புரோமீதியஸ், பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம் பதில். முடிந்ததும் நேராக வாக்கு. கூடிப் பேசி முடிவு செய்வது அங்கே கிடையாது, இங்கேயும் வேண்டாம். பேசிய இருவர் வாக்களிக்கக் கூடாது என்பதால் மீதி 36 பேர். சமமாகவும் வரலாம். வந்தால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. கி.மு. 458இல் எஸ்கிலஸ் அரங்கேற்றிய நாடகத்தில் தாயைக் கொன்ற ஒரெஸ்டீஸ் அப்படித்தான் தப்பிக்கிறான், வாக்குகள் சமமாக நிற்கின்றன, அதீனா அவன் பக்கம். குழாய்த் துண்டுகளை எண்ணி முடித்த பிறகு விவாதத்தைத் திறந்துவிடுங்கள், அன்றைக்கு வாயே திறக்காதவர்கள் பேசுவார்கள். 'நெருப்பு கொடுத்தது சரி, ஆனால் அவன் செய்ததற்குப் பண்டோராவின் பானை எங்கள் தலையில் விழுந்ததே' என்று ஒரு பிள்ளையாவது மனிதர்கள் சார்பில் கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

அப்புறம் ஓவியம். போஸ்டர் வேண்டாம், அதில் பத்துப் பேர் இணையத்தில் கிடைத்த ஒரே படத்தை வரைந்துவிடுவார்கள். எக்சீகியஸ் என்ற ஏதென்ஸ் கலைஞர் கி.மு. 540–530 வாக்கில் செய்த ஒரு ஜாடி வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் படத்தைக் காட்டுங்கள். டிராய் போர் வீரர்களான அக்கிலீஸும் அஜாக்ஸும் போருக்கு இடையில் குனிந்து உட்கார்ந்து பலகை விளையாட்டு ஆடுகிறார்கள். ஈட்டிகள் கையிலேயே இருக்கின்றன. அக்கிலீஸ் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, அஜாக்ஸ் கழற்றிப் பின்னால் கேடயத்தின் மேல் வைத்திருக்கிறான். அக்கிலீஸ் வாயருகே 'நான்கு' என்றும் அஜாக்ஸ் வாயருகே 'மூன்று' என்றும் எழுதியிருக்கிறது, இன்றைய காமிக்ஸ் போலவே. இந்தக் காட்சி ஹோமரில் எங்கேயும் இல்லை. சண்டையை வரையாமல் சண்டைக்கு நடுவில் இருந்த ஒரு அமைதியான நேரத்தை வரைந்தான் அந்த மனிதன், இருந்தும் யார் ஜெயிக்கப் போகிறான் என்று தெரிகிறது.

பிள்ளைகளுக்கு விதி இதுதான்: கதையின் உச்சக் காட்சியை வரையக் கூடாது, அதற்குச் சற்று முன்னோ பின்னோ ஒரு கணம், இரண்டு பேர் மட்டும், ஆளுக்கு ஒரே ஒரு சொல். வீரன் தீசியஸ் காளைத்தலை அரக்கன் மினோட்டாரைக் குத்துவது வேண்டாம், சுற்றுவழியிலிருந்து அவன் திரும்பிவர அரியாட்னி என்ற பெண் நூலைக் கொடுக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று யோசிக்கட்டும். தாளில் ஆரஞ்சு மெழுகு வண்ணத்தை அழுத்திப் பூசி, அதன் மேல் கறுப்பைப் பூசி, பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் உள்ளிருந்து ஆரஞ்சுக் கோடு வரும். செம்மண் நிறத்தில் கறுப்பு உருவம் தீட்டிய கரும்பாணிப் பானைகளில் கண்ணையும் விரலையும் ஆடை மடிப்பையும் கீறித்தான் காட்டினார்கள், கையில் செய்து பார்க்கும்போது அது எவ்வளவு பொறுமையான வேலை என்று புரியும். இரண்டு வகுப்பு ஆகும்.

ஹேடீஸ் வில்லன் என்கிறார்களே, அதற்கு பெர்செஃபோனி கதை. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுங்கள். ஹோமரின் இலியட் காவியத்தில் பொசைடனே சொல்வதுபடி மூன்று சகோதரர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள், ஜீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், ஹேடீஸுக்கு இருள் உலகம். அவன் பாவிகளைத் தேடிப் பிடிக்கும் சாத்தான் இல்லை, இறந்த எல்லோருக்கும் அரசன். அதற்காக அவன் செய்ததை நியாயமாக்கவும் கூடாது. பெர்செஃபோனியின் தாய், விளைச்சலின் தேவி டிமீட்டர்; ஹோமர் பெயரில் வழங்கும் டிமீட்டர் துதிப்பாடலில் மகள் பெர்செஃபோனி விருப்பமில்லாமல், அலற அலற இழுத்துச் செல்லப்படுகிறாள், தகப்பன் ஜீயஸின் சம்மதத்தோடு. இப்போதெல்லாம் இதைக் காதல் கதையாக்கிப் பரப்புகிறார்கள், உங்கள் மாணவிகளில் சிலர் அதைப் படித்திருக்கவும் கூடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் விவரிக்க வேண்டாம், ஆனால் 'அவளிடம் யாரும் கேட்கவில்லை' என்ற வாக்கியத்தை நீங்கள் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்த இடத்தில் மழுப்பினால் நாம் தவறான பாடம் நடத்துகிறோம். ஜீயஸின் மற்ற துரத்தல் கதைகளை இந்த வயதுக்கு நான் சேர்க்கவே மாட்டேன்.

இங்கே கூச்சப் பிள்ளைகளை முன்னால் கொண்டுவரலாம். கிரேக்க நாடகத்தில் கோரஸ் என்று ஒரு குழு உண்டு, முதலில் 12 பேர், பிறகு சோஃபோகிளீஸ் 15 ஆக்கினார் என்பார்கள், எல்லோரும் ஒரே குரலில் பாடுவார்கள். மகளைத் தேடி டிமீட்டர் விளைச்சலை நிறுத்திவிட, பூமி முழுக்கப் பஞ்சம் வருகிறது. ஆனால் அந்தத் துதிப்பாடலில் பட்டினி கிடந்த மக்கள் வாய் திறந்து ஒரு வரி கூடப் பேசுவதில்லை. அந்த வரிகளை உங்கள் கோரஸ் எழுதட்டும், பத்து வரி போதும், கூட்டமாக நின்று சொல்லட்டும். டிமீட்டரைத் திட்டுவதா, ஜீயஸைத் திட்டுவதா, யாரிடம் கெஞ்சுவது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். பதினைந்து குரலுக்கு நடுவில் தன் குரல் தனியாகக் கேட்காது என்ற தைரியத்தில் பேச ஆரம்பிக்கும் பிள்ளைகளை எத்தனையோ வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் டிமீட்டர், பெர்செஃபோனி, நடந்ததைப் பார்த்த சூரியன் ஹீலியஸ், அலறலைக் கேட்ட ஹெகட்டி என்று ஒவ்வொருவர் பார்வையில் ஒரு பக்கம் எழுதலாம். மாதுளை விதையை ஹேடீஸ் நைசாகக் கொடுத்தான் என்கிறது பாடல், என்னை வற்புறுத்தி உண்ண வைத்தான் என்று பிறகு தாயிடம் சொல்கிறாள் மகள். இந்த வித்தியாசத்தை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று காத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

கடவுளுக்கு சமூக வலைதளப் பக்கம் தயாரிப்பது, பிடித்த கடவுளாக வேடமிட்டு வருவது, சொல் தேடும் கட்டம் இதெல்லாம் பரவலாகக் கொடுக்கிறார்கள். நேரம் போகும், வேறு பெரிதாக ஒன்றும் நடக்காது. வேடம் போட்டே ஆக வேண்டும் என்றால் முகமூடி மட்டும் போதும், மூன்று நடிகர்களே முகமூடி மாற்றி மாற்றி எல்லாப் பாத்திரத்தையும் ஏற்ற நாடக மரபு அது.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். ஓவியம் அழகாக இருக்கிறதா, பேச்சு சரளமாக இருந்ததா என்று பார்க்காதீர்கள், ஏற்கெனவே திறமை உள்ள பிள்ளைக்கே அது போய்ச் சேரும். ஒவ்வொரு வேலைக்கும் பிறகு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: நான் எடுத்த முடிவு என்ன, கதையின் எந்த வரி அதற்கு ஆதாரம், எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் எது. மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் வைப்பேன். பெயர்த் தேர்வு கட்டாயம் என்று பள்ளியில் கேட்டால் கடைசி வகுப்பில் அடைமொழியைக் கொடுத்துப் பெயரைக் கேளுங்கள், வரைபடத்தையும் அன்றைக்கு மாட்டி எந்தக் கோட்டில் கவிஞர்களுக்குள் சண்டை இருக்கிறது என்று அவர்களையே சிவப்பு மையால் குறிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று. தீர்ப்புக்குப் பிறகு 'சரியான விடை என்ன டீச்சர்' என்று கேட்பார்கள். உங்கள் கருத்தைச் சொல்லாதீர்கள், கிரேக்கர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். ஹெராக்ளீஸ் வந்து அந்தக் கழுகைக் கொன்றான், ஜீயஸுக்கு அதில் மறுப்பில்லை என்று ஹெசியடே எழுதியிருக்கிறார். ஏதென்ஸ்காரர்களோ நகருக்கு வெளியே இருந்த அகாடமி என்ற தோப்பில் புரோமீதியஸுக்கு ஒரு பலிபீடம் வைத்திருந்தார்கள். அங்கிருந்து நகரத்துக்குத் தீப்பந்த ஓட்டம் நடக்கும், பந்தம் அணையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவனே வெற்றியாளன். திருடன் என்று சொல்லப்பட்டவனுக்குப் பலிபீடம் வைத்தவர்கள் அதே ஊரில் ஜீயஸுக்கும் பலி கொடுத்தார்கள். இதைக் கேட்ட பிறகு யாருக்காவது தன் வாக்கை மாற்றத் தோன்றினால் இன்னொரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும், அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.